வாலில்லாதார் வகையறா

எங்கள் உறவின்முறையைப் பற்றி வெளியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது எனக்குத் தெரியும். ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்கிறார்கள். அப்படிப் பேசுகிற யாரும் எங்கள் மண்டபத்தில் ஒரு கூட்டம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் அந்த உறவின்முறைக்கு இணைச் செயலாளர். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவன் கண் கலங்கினாலும் என் கண் கலங்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கள்மேல் குற்றம் இருந்தால் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரே முன்னோரின் வழியில் வந்த குடும்பங்களை நாங்கள் ஒரு வகையறா என்போம். அப்படி ஏழு வகையறா சேர்ந்தது எங்கள் உறவின்முறை. பெயரே 'ஏழு வகையறா வியாபார உறவின்முறை' என்பதுதான். மண்டப மேடையில் வகையறாவுக்கு ஒன்றாக ஏழு நாற்காலிகள், முகப்பில் ஏழு குத்துவிளக்கு ஓவியம், ஆண்டு விழாவில் ஏழு பானைப் பொங்கல். பாளையம்பட்டி போகிற வழியில் எங்களுக்கு ஒரு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. கடைவீதிக்குப் பின்னால் கல்யாண மண்டபம். திருச்சுழி ரோட்டில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் போட்ட மயானம். படிப்பதற்கு ஒன்று, தாலி கட்டுவதற்கு ஒன்று, அடக்கம் பண்ணுவதற்கு ஒன்று. மூன்றின் சாவியும் எங்களிடம்தான் இருக்கிறது. சாவி நம் கையில் இருந்தால்தான் ஒற்றுமை நிலைக்கும் என்பது எங்கள் தலைவர் அடிக்கடி சொல்வது.

இந்தப் பள்ளியில் ஆனந்தகுமார் என்று ஒரு விலங்கியல் வாத்தியார். நம்மாள்தான். பரளச்சி வகையறா. அதிர்ந்து பேசாத ஆள். எதிரே வருகிறவருக்கு வழி விடுவதற்காகச் சாக்கடைக்குள் காலை வைக்கிற ரகம். அவருடைய அப்பா கருத்தப்பாண்டி பருப்புக் கடை வைத்திருந்தவர், பக்கவாதம் வந்து வீட்டோடு படுத்துவிட்டார். அம்மா சந்தனம்மாள் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்கள் மயானத்தில்தான் அடக்கம். கருத்தப்பாண்டிக்கு நடமாட்டம் இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போய், சமாதிக்குப் பக்கத்தில் முளைக்கிற கருவேலங்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவார். படுத்த பிறகு யார் பார்க்கப் போனாலும் அவருக்கு ஒரே பேச்சுதான். அவள் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், அதில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்பார். ஆனந்தகுமாரும் தலையாட்டுவார். மகன் செய்ய வேண்டியது அவ்வளவுதான் பாக்கி.

பிரச்சினை பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடக்கும்போது தொடங்கியது. எங்கள் செயலாளர் வீரபத்திரனின் மகள் சுகப்பிரியா எழுந்து, ஹோமினிடே என்றால் என்ன அர்த்தம் சார் என்று கேட்டிருக்கிறாள். புத்தியுள்ள வாத்தியாராக இருந்தால், அது பேரும்மா, மனப்பாடம் பண்ணு என்று உட்கார வைத்திருப்பார். இவர் அர்த்தம் சொன்னார்.

"ஹோமோன்னா லத்தீன்ல மனுசன். இடேங்கிறது கிரேக்கத்துல இருந்து வந்த ஒட்டு. இன்னார் பெத்த பிள்ளைக, இன்னார் வழி வந்தவுகன்னு அர்த்தம். நம்ம ஊர்ல சொல்லணும்னா வகையறா. ஹோமினிடேன்னா மனுச வகையறா."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெயரின் சரித்திரத்தையும் சொன்னார். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பெயரை வைத்தாராம். அப்போதெல்லாம் அந்த வகையறாவில் மனிதன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தானாம். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய வாலில்லாக் குரங்குகளைப் பாஞ்சிடே என்று வேறு வகையறாவாக ஒதுக்கி வைத்திருந்தார்களாம். பிறகு ரத்தத்தையும் மரபணுவையும் சோதித்துப் பார்த்ததில், சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட மனிதன்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துபோனதாம். அதனால் அந்த வகையறாவைக் கலைத்துவிட்டு எல்லாரையும் மனுச வகையறாவிலேயே சேர்த்துவிட்டார்களாம்.

சுகப்பிரியா இதை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னாள். வீரபத்திரன் கையில் எடுத்த இட்டிலியைத் தட்டில் வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மனிதனைக் குரங்கோடு சேர்த்ததற்காக நாங்கள் கோபப்பட்டோம் என்று சில நாத்திகர்கள் கதை கட்டுகிறார்கள். சுத்தப் பொய். குரங்கு எங்களுக்குத் தெய்வம். தவிர, வீரபத்திரன் தன் மச்சினனை அதைவிட மோசமான பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன். அவருடைய கவலை முழுக்க நடைமுறை பற்றியது. தனியாக இருந்த வகையறாவைக் கொண்டுவந்து இன்னொன்றோடு சேர்த்தது எந்தப் பொதுக்குழு? யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது? சேர்க்கப்பட்ட தரப்பு சபையில் விழுந்து கும்பிட்டதா? எங்களில் ஒரு ஆளைச் சேர்ப்பதற்கே மூன்று கூட்டம் போடுவோம்.

அவசரக் கூட்டம் கூட்டினோம். எங்கள் சபையில் விசாரிக்கப்படுகிறவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனந்தகுமார் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பேண்ட் சட்டையில் வந்திருந்தார், துண்டு இல்லை. என் துண்டைக் கொடுத்தேன். பேண்டுக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகத்தோடு நின்றார்.

தலைவர் அருஞ்சுனை அண்ணாச்சி பேச எழுந்தார். அரிசி ஆலை, போர்வெல் வண்டி, நாலு ஊரில் காம்ப்ளக்ஸ் என்று வசதி இருந்தும் எளிமையான மனிதர். மைக்கை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

"நம்மட்ட ஏத்தத்தாழ்வு கெடையாது," என்று ஆரம்பித்தார். "எல்லாரும் சமம். அவுகவுக எடத்துல இருக்கிற வரைக்கும் எல்லாரும் சமம். எடம் மாறுனாத்தான் சங்கடம். தம்பி ஆனந்தகுமாரு படிச்ச பிள்ளை. அதுனால கோவப்படாமக் கேக்கேன். இந்தச் சிம்பன்சி நமக்குப் பங்காளியா, மாமன் மச்சானா?"

ஆனந்தகுமார் முழித்தார். விஞ்ஞானத்தில் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்றார். சபை சலசலத்தது. உறவு இருக்கிறது, ஆனால் முறை இல்லை என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? வீரபத்திரன் மடக்கி மடக்கிக் கேட்டதில், அறுபது எழுபது லட்சம் வருடத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே மூதாதை இருந்தது என்பதை வாத்தியார் ஒப்புக்கொண்டார். ஒரே மூதாதை என்றால் பங்காளிதான், பேச்சே கிடையாது என்று தலைவர் முடித்தார்.

உடனே ஒரு நாற்காலியிலிருந்து கேள்வி வந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் காக்க வேண்டுமே, இத்தனை லட்சம் வருடமாக ஒரு தீட்டும் காக்கவில்லையே என்று. விட்டுப்போன தீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே முழுக்காக முழுகிவிடலாம் என்று தீர்மானித்து, மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் ஆளுக்கொரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டோம். தலைவருக்கு மட்டும் வெந்நீர். முழுக வேண்டுமா என்று ஆனந்தகுமார் மெதுவாகக் கேட்டார். உன்னால்தானே வந்தது, நீ இரண்டு குடம் ஊற்று என்றார்கள்.

அடுத்ததாக, மேற்படி பங்காளியை நேரில் பார்த்து வர ஒரு குழு அமைக்கப்பட்டது. வேன் பிடித்து, காராச்சேவும் அதிரசமும் கட்டிக்கொண்டு வெளியூர் மிருகக்காட்சிசாலை ஒன்றுக்குப் போனோம். எந்த ஊர் என்று சொன்னால் அவர்கள் வருத்தப்படுவார்கள். அங்கே வயதான ஆண் சிம்பன்சி ஒன்று தனியாகக் கூண்டில் இருந்தது. தலைவர் கூண்டுக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார். அது அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டது. தலைவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆளைக் கண்டதும் பல்லைக் காட்டாத பிள்ளைதான் குடும்பத்துப் பிள்ளை என்றார். பொன்னாடை போர்த்த உள்ளே விடச் சொன்னோம், காவல்காரர் விடவில்லை. கம்பியில் போர்த்திவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, அது கையை நீட்டிப் பொன்னாடையை உள்ளே இழுத்தது. மோந்து பார்த்தது. இரண்டாகக் கிழித்து ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு இன்னொன்றின் மேல் உட்கார்ந்தது. 'மரியாதையை ஏற்றுக்கொண்டார்' என்று எங்கள் அறிக்கையில் எழுதினோம்.

பங்காளி என்று ஆன பிறகு உறவின்முறையில் சேர்க்காமல் விட முடியாது. ஆனாலும் தனி வகையறாவாகச் சேர்ப்பதில் அடுத்த கூட்டத்தில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் எங்கள் வக்கீல். பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம், ஹோமினிடே என்று அச்சடித்துக் கொடுத்திருப்பதும் அரசாங்கம், அதை நாம் ஏற்கவில்லை என்று எவனாவது ஒரு மனுப் போட்டால் மானியம் நின்றுபோகும் என்றார். தயக்கம் அந்த நிமிடமே போய்விட்டது. ஏகமனதாகச் சேர்த்தோம். குரங்கு வகையறா என்று பலகையில் எழுதினால் பத்திரிகைக்காரன் சிரிப்பான் என்பதால் 'வாலில்லாதார் வகையறா' என்று கௌரவமாகப் பெயர் வைத்தோம். நமக்கும்தான் வால் இல்லையே என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னார். பொருளுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று அவரை உட்கார வைத்தார்கள்.

இப்போது வகையறா எட்டு ஆகிவிட்டது. பெயரில் ஏழு. நாற்காலி ஏழு. பானை ஏழு. எட்டு என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஒன்று வெளியே போயாக வேண்டும். அவரவர் தங்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர்தான் வழி சொன்னார். தாத்தா காலத்தில் ஏழாவது வகையறா வாரிசில்லாமல் அற்றுப்போனது. அந்தச் சமயம் பரளச்சிப் பக்கம் மழை பொய்த்து, சில குடும்பங்கள் அருப்புக்கோட்டைக்கு வந்து கடை போட்டன. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, காலியாக இருந்த ஏழாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களும் இப்போது திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டன. ஊரில் மிச்சம் இருப்பது கருத்தப்பாண்டி வீடு ஒன்றுதான்.

"தனியா இருந்ததச் சேக்கலாம், சேத்ததக் கலைக்கலாம். இது நாஞ் சொல்லல. விஞ்ஞானம் சொல்லுது. நம்ம வாத்தியாரே கிளாஸ்ல சொல்லியிருக்காரு," என்றார் தலைவர். "ஒரு வீடுதான். வருத்தப்படவும் அதிக ஆள் இல்ல."

அந்தக் கூட்டத்திலும் ஆனந்தகுமார் துண்டோடுதான் நின்றுகொண்டிருந்தார். ஐயா, இது படிப்புக்காகச் செய்கிற வகைப்பாடு, ஒருவரைச் சேர்ப்பதற்கு இன்னொருவரை வெளியே அனுப்ப வேண்டியதில்லை, அந்தப் பெயருக்குள் எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். நாற்காலியைக் காட்டி, எங்கேப்பா இடம் என்று கேட்டார் வீரபத்திரன். கையைத் தூக்கச் சொன்னார்கள். விசாரணையில் நிற்பவர் கை தூக்கக் கூடாது. கருத்தப்பாண்டியால் எழுந்து வர முடியாது. ஆகவே எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. ஜனநாயகம் என்றால் எங்களிடம்தான் பாடம் படிக்க வேண்டும்.

ஆனந்தகுமார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப எங்கப்பாவுக்கு மயானத்துல எடம்?"

"உசுரோடதான இருக்காரு," என்றார் தலைவர். "இருக்கிற வரைக்கும் அந்தப் பிரச்சினையே வராதுல்ல. நல்லாப் பாத்துக்க."

கருத்தப்பாண்டியிடம் மகனும் மருமகள் ரேணுகாதேவியும் இதைச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். நீக்கப்பட்ட வீட்டில் கைநனைக்கக் கூடாது என்பதால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோணிப்போன வாயால் அதே பேச்சைப் பேசினார். இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்கிறேன் மாமா என்றேன். நானும் கல்நெஞ்சக்காரன் இல்லை. படுத்துக் கிடக்கிறவரிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆடி பிறந்து சில நாளில் அந்த மிருகக்காட்சிசாலைச் சிம்பன்சி செத்துப்போனது. பேப்பரில் உள்பக்கத்தில் சின்னச் செய்தி. தலைவர் அதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் போன் போட்டார். உறவின்முறையில் சாவு என்றால் எடுக்கிறவரைக்கும் கடை திறக்கக் கூடாது, அடுப்பும் பற்ற வைக்கக் கூடாது. அங்கே எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே மத்தியானம் மூன்று மணி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பள்ளிக்கு விடுமுறை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பொன்னாடையைத் தலையில் போட்டிருக்கிற அந்தப் படம்தான், பார்க்க நன்றாக வந்திருந்தது. மேடையில் ஏழாவது நாற்காலியில் படத்தை வைத்து மாலை போட்டோம். தலைவர் பேசும்போது குரல் உடைந்தது.

"அவரு நம்மட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இன்னாருக்கு வேலை குடு, இன்னாருக்கு மண்டபத்தக் கொறைச்சுக் குடுன்னு ஒரு நாள் வந்து நின்னதில்ல. எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. இப்பிடி ஒரு உறுப்பினரு இனி நமக்குக் கெடைப்பாரா?"

உண்மையாகவே பலர் அழுதார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கடைவீதி அரவம் இல்லாமல் கிடப்பதைப் படுக்கையில் இருந்தே கண்டுபிடித்துவிட்டார் கருத்தப்பாண்டி. யார் போய்விட்டார்கள் என்று மகனைக் கேட்டிருக்கிறார். ஆனந்தகுமார் என்ன சொல்வார் பாவம். பங்காளி ஒருத்தர் என்று சொல்லி வைத்தார். அப்படியானால் எடுத்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று பெரியவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சர்க்கரைக்காரர், காலையில் ஊசி வேறு போட்டிருந்தது. ரேணுகாதேவி கஞ்சியை வைத்துக்கொண்டு கெஞ்சியும், முறை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மத்தியானத்துக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் விடியும்போது போய்விட்டார். சர்க்கரை இறங்கியதுதான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். உறவின்முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று கடைகள் வழக்கம்போலத் திறந்திருந்தன. முதல்நாள் மூடியிருந்ததால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. பத்து மணி வாக்கில் எனக்குப் போன் வந்தது. ஆனந்தகுமார் அப்பாவைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கே வந்துவிட்டார், கதவுக்கு முன்னால் பாடையை இறக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று. இந்த மாதிரி அடாவடியை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் பொறுமையாக இருந்தோம். முறைப்படி சபை கூட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மண்டபத்து நாற்காலிகள் ஏழையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

திருச்சுழி ரோட்டில் வெயில் கண்ணைப் பறித்தது. சுற்றிலும் உழுது போட்ட கரிசக்காடு, நிழலுக்கு ஒரு வேம்புதான். அதன் அடியில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். ஏழாவதில் சிம்பன்சியின் படம், மாலை வாடாமல் இருந்தது. பாடை வெயிலில் இருந்தது. கூட வந்தவர்கள் ஆனந்தகுமாரோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் நாலைந்து பேர். ஆனந்தகுமார் நேரே வந்து சபைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரும் கேட்காமலே விழுந்தார். அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். நீங்கள் சேர்த்துக்கொண்ட வகையறாவின் பெயர் ஹோமினிடே. அந்தப் பெயருக்குள் எங்கப்பாவும் அடக்கம். பரளச்சி வகையறாவை நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். அந்த ஏழாவது வகையறாவில் எங்கப்பாவைச் சேர்த்துக் கதவைத் திறந்துவிடுங்கள்.

சபை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சொன்னதில் நியாயம் இருந்ததுதான் சங்கடம். வீரபத்திரன் தலைவர் காதில் போய்ப் பேசினார். வாலில்லாதார் வகையறாவில் இருந்த ஒரே உறுப்பினரும் போய்விட்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஊரில் ஒரு தலைக்கட்டாவது, அதாவது ஒரு குடும்பமாவது, இல்லாவிட்டால் வகையறா அற்றுப்போகும், நாம் ஆறாகிவிடுவோம், பலகை முழுவதையும் மாற்றி எழுத வேண்டி வரும், அப்பாவைச் சேர்த்தால் மகன் வீடு ஒரு தலைக்கட்டாக நிற்கும் என்றார். தலைவர் தலையை ஆட்டினார்.

"சரி. சேத்துக்கிருவோம். நாங்க என்ன ஈவு இரக்கம் இல்லாதவுகளா? ஆனா சபைல ஒன் வாயால சொல்லணும். ஒங்கப்பா என்ன வகையறா?"

"மனுச வகையறா," என்றார் ஆனந்தகுமார்.

"அப்பிடி ஒரு வகையறா இங்க கெடையாது தம்பி."

"அந்தப் பேருக்கு அர்த்தமே அதுதான் ஐயா. நான் அதத்தான..."

"அர்த்தம் சொல்லித்தான இம்புட்டும் வந்துச்சு. சபைக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு."

வாலில்லாதார் வகையறா என்று சொன்னார். அது பலகைக்கு வைத்த பேர், சபையில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றார் வீரபத்திரன். ஆனந்தகுமார் திரும்பிப் பாடையைப் பார்த்தார். வாய்க்கட்டின் மேல் ஈ உட்கார ஆரம்பித்திருந்தது. ஒரு வாத்தியார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவர் தாமதிக்கவில்லை.

"எங்கப்பா கருத்தப்பாண்டி குரங்கு வகையறா," என்றார்.

நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னார். தலைவர் சாவியைக் கொடுத்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே வகையறாவில் அடுத்தடுத்து இரண்டு சாவு. மூத்த சாவுக்கு முதலில் மொட்டை போட வேண்டும் என்பது முறை. சிம்பன்சிதான் முந்திப் போனது. ஆகவே நாவிதரை வரவழைத்து, படத்துக்கு முன்னால் உட்கார வைத்து ஆனந்தகுமாருக்கு மொட்டை அடித்தோம். அப்பாவுக்கு என்று எடுக்கத் தலையில் ஒன்றும் மிச்சம் இல்லை. என்ன செய்வது என்று எல்லாரும் விழித்தபோது, மீசையைப் பெற்ற தகப்பன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் பெருந்தன்மையாக அனுமதித்தார். அந்த இடத்தில் எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

கதவைத் திறந்தோம். சந்தனம்மாளின் சமாதிக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். சொன்னபடி அவருக்கு அவருடைய இடம் கிடைத்தது. எங்கள்மேல் குறை சொல்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை. பாடையை இறக்கியபோது சபையில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை, கடைசிவரை இருந்தோம்.

ஆனந்தகுமார் குழியின் விளிம்பில் மண்டியிட்டார். மொட்டைத் தலையில் வெயில் பட்டு, கத்தி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மூன்று பிடி மண்ணை அள்ளிப் போட்டார். எழுந்திருப்பார் என்று நினைத்தோம். எழுந்திருக்கவில்லை. இன்னும் குனிந்து, குழிக்குள் முகத்தை நீட்டி மெதுவாகப் பேசினார்.

"அப்பா, அம்மா பக்கத்துலதான் வச்சிருக்கேன். சந்தோசமா இருங்க. அம்மா கேட்டா எந்த வகையறாவுல வந்தேன்னு மட்டும் சொல்லிராதீக."

மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. வகையறாவை மறைக்கச் சொல்வது எங்கள் சட்டப்படி குற்றம். அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, போகிற வழியில் வீரபத்திரன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சபை கூடுகிறது.